கோதைக்குப் போட்ட ஸ்கிரீன்

அந்தப் பொண்ணு மேல கோபப்படாதீங்க சார். அது வேணும்னு லேட் பண்ணல. உங்க அப்பா டிஸ்சார்ஜ்தானே? காலையிலேயே டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டாரு, இன்சூரன்ஸ் இன்னும் முடியல, அப்படித்தானே? நீங்க மூணாவது தடவையா எந்திரிச்சுப் போய்க் கேக்குறப்பவே பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அது சும்மா ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி உங்களுக்குத் தெரியும். சும்மா இல்ல சார். நோயாளியோட நம்பரை அடிச்சிருக்கும். அடுத்த ஸ்கிரீன் வரும். அதுலயும் அதே நம்பரை அடிக்கணும். அதுக்கு அடுத்ததுலயும் அடிக்கணும். நடுவுல உங்களை மாதிரி ஒருத்தர் வந்து பேச்சுக் குடுத்தா, பதில் சொல்லிட்டுத் திரும்புறதுக்குள்ள ஸ்கிரீன் மூடிக்கும். மறுபடியும் முதல்ல இருந்து.

எனக்கு எப்படித் தெரியும்னா, அந்த ஸ்கிரீனைப் பண்ணதே நான்தான்.

முறைக்காதீங்க சார், உட்காருங்க. இந்தத் திருச்சியில மட்டும் இல்ல, தென் மாவட்டத்துல பாதி ஆஸ்பத்திரியில ஓடுறது எங்க மதுரைக் கம்பெனி சாஃப்ட்வேர்தான். ஓபி சீட்டுல இருந்து மருந்து ஸ்டாக், லேப், சம்பளம், இன்சூரன்ஸ் வரைக்கும் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. என் பேரு ராஜரத்தினம். ஆபீஸ்ல ரத்தினம் சார். நான் பின்னாடி வேலை பார்க்கிறவன். முன்னாடி தெரியிறதெல்லாம் சும்மா கதவு ஜன்னல் மாதிரி சார். அஸ்திவாரம் பின்னாடிதான் இருக்கு. எந்தத் தகவல் எந்த டேபிள்ல, அதாவது எந்தப் பட்டியல்ல, உட்காரணும், எது எதோட சேரணும், ஒரு புள்ளி தப்பாப் போகாது. என் சாஃப்ட்வேர்ல ஒரு நோயாளியோட கணக்கு இன்னொருத்தருக்குப் போச்சுன்னு இது வரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல. அதை யாரும் பெருசாச் சொல்ல மாட்டாங்க. எத்தனை தடவை நம்பர் அடிக்கணும்னுதான் சொல்லுவாங்க.

அடுத்த வாரம் இங்கேயும் புது ஸ்கிரீன் வருது. அதுக்கு முன்னாடி, என்னை மாதிரிப் பின்னாடி வேலை பார்க்கிற ஆளுங்களும் ஒரு நாள் வந்து ஆஸ்பத்திரி ஹால்ல உட்கார்ந்து பார்க்கணும்னு கம்பெனியில சட்டம் போட்டிருக்காங்க. அதான் வந்திருக்கேன். சட்டம் போட்டது யாருன்னு கேக்குறீங்களா? என் சம்சாரம்.

அது ஒரு பெரிய கதை. உங்களையும் இப்போதைக்குக் கூப்பிட மாட்டாங்க.

என் வீட்டுக்காரி பேரு கோதை. மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில இன்சூரன்ஸ் கவுண்டர்ல இருந்தா. இதோ இந்தப் பொண்ணு உட்கார்ந்திருக்கே, இதே மாதிரி இடம், இதே ஸ்கிரீன். என் ஸ்கிரீன்லதான் என் சம்சாரம் வேலை பார்க்கிறான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். எனக்கு அதுல ஒரு பெருமை. சாயங்காலம் வந்ததும் அவ சொல்லுவா, "என்னங்க, அந்த நம்பரை ஒரு தடவை அடிச்சாப் போதாதா? எல்லா ஸ்கிரீன்லயும் கேக்குதே." நான் சொல்லுவேன், "அது அப்படி இல்ல கோதை. பின்னாடி எல்லாம் தனித்தனி டேபிள்." அவ கேட்டுக்குவா. அப்புறம் இன்னொரு நாள், "என்னங்க, கொஞ்ச நேரம் எந்திரிச்சுப் போனா அடிச்சதெல்லாம் போயிருது." நான் சொல்லுவேன், "அது செக்யூரிட்டி கோதை. நீ எந்திரிச்சுப் போன நேரத்துல வேற யாராவது வந்து உட்கார்ந்து எதையாவது மாத்திட்டா?" கேட்டுக்குவா. கொஞ்ச நாள்ல அவ அதைப் பத்திப் பேசறதையே விட்டுட்டா. சரி, புரிஞ்சுக்கிட்டான்னு நினைச்சேன்.

அப்பதான் கம்பெனியில முடிவு பண்ணாங்க, ஸ்கிரீன் பூராவும் புதுசா மாத்துறதுன்னு. வெளியூர்க் கம்பெனி ஒண்ணு போட்டிக்கு வந்துருச்சு. ஓனர் கனகசபை சார் ஒரு டிசைனரைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. ஆசீர்னு பேரு. மார்த்தாண்டம் பக்கம். முப்பது வயசு இருக்கும். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, பேசவே மாட்டான். நான் என்ன நினைச்சேன், வந்ததும் கலர் கலரா நாலு படம் வரைஞ்சு காட்டுவான், நாம இது முடியாது அது முடியாதுன்னு சொல்லி அனுப்பிரலாம்னு. அவன் படமே வரையல சார். "முதல்ல ஆஸ்பத்திரியில போய் உட்கார்ந்து பார்க்கணும்"னான். எந்த ஆஸ்பத்திரின்னு பேச்சு வந்தப்ப, கனகசபை சார்தான் சொன்னாரு, "நம்ம ரத்தினம் வீட்டம்மாவே இருக்காங்களே, அங்க போங்க."

நானே போன் பண்ணி கோதைகிட்ட சொன்னேன். "ஒரு பையன் வருவான். நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு. ரொம்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம், அவனுக்குப் புரியாது"ன்னு.

அவன் போய் அவ நாற்காலிக்குப் பின்னாடி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டான். அதுதான் வேலை. நம்ப மாட்டீங்க, வாரக்கணக்கா அதுதான் வேலை. சம்பளம் குடுத்து ஒருத்தனை ஸ்டூல்ல உட்கார வெச்சிருக்காங்களேன்னு நான் ஆபீஸ்ல சிரிச்சேன். முதல் நாள் சாயங்காலம் கோதை வந்து, "பாவம், நாள் பூரா பேசாம உட்கார்ந்திருந்தான்"னா. ரெண்டாம் நாள் வந்து, "என்னங்க, ஒண்ணு தெரியுமா? நான் சப்மிட் பட்டனை அமுக்குறப்ப கண்ணை மூடிக்கிறேனாம். ஆசீர் சொல்றான். எனக்கே தெரியல"ன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா.

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு சார். எங்களுக்குக் கல்யாணம் ஆகி, மக இப்போ காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா. இத்தனை வருஷத்துல என் பொண்டாட்டி எப்பக் கண்ணை மூடுறான்னு எனக்குத் தெரியாதா? ஆனா தெரியலையே. ரெண்டு நாள் ஸ்டூல்ல உட்கார்ந்தவனுக்குத் தெரிஞ்சிருக்கு. "ஏன் மூடுறே?"ன்னு கேட்டேன். "எர்ரர் வந்துரக் கூடாதேன்னு வேண்டிக்கிறேன் போல"ன்னா. எர்ரர் வந்தா சிவப்புல வரும் சார். அதுவும் நான் போட்டதுதான்.

அதுக்கப்புறம் தினம் ஆசீர்தான். ஆசீர் இதைக் கேட்டான், ஆசீர் அதைக் கேட்டான். ஆசீர் ஒரு கேள்வி கேட்டுட்டு, நான் பதில் சொல்ற வரைக்கும் பேசாம இருக்கான், குறுக்க பேசவே மாட்டேங்குறான். குழம்பு ஊத்துறப்ப ஆசீர், துணி மடிக்கிறப்ப ஆசீர். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுப் பார்த்தேன். அவ குரலைக் கூட்டிக்கிட்டா.

தப்பா நினைக்காதீங்க. அந்த மாதிரி எதுவும் இல்ல. அவன் இவளை அக்கான்னுதான் கூப்பிடுவான். வாய் நிறைய அக்கா. அந்த மாதிரின்னாக்கூட ஒரு வழி இருக்கு சார், போய்ச் சட்டையைப் பிடிச்சுக் கேக்கலாம், ஊரும் நம்ம பக்கம் இருக்கும். இது எந்த மாதிரின்னே தெரியாம எங்கே போய் யாரைக் கேக்குறது? என் சம்சாரம்கிட்ட நீ ஏன் கேள்வி கேக்குறேன்னா?

ஒரு நாள் மத்தியானம் அந்தப் பக்கமா ஒரு வேலை இருந்துச்சு. சரி, வேலை எதுவும் இல்ல, நானாத்தான் போனேன். கேன்டீன்ல ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்காங்க. நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்னேன். கோதை கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொல்லிக்கிட்டிருக்கா. அப்படி அவ பேசிப் பார்த்து எத்தனையோ காலம் ஆச்சு. கிட்டப் போனதும்தான் கேட்டுச்சு. என்னை மாதிரியே பேசிக் காட்டுறா சார். "அது அப்படி இல்ல கோதை. பின்னாடி எல்லாம் தனித்தனி டேபிள்." குரல், இழுவை, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிறது, அச்சு அசல் நான்.

அவன் சிரிச்சிருந்தா எனக்குப் பரவாயில்லாம இருந்திருக்கும். சிரிக்கல. "அக்கா, அண்ணன் சொல்லுகதும் சரிதான். பின்னாடி அவரு அவ்வளவு ஒழுங்கா வெச்சிருக்கப் போய்த்தான் நாங்க முன்னாடி தைரியமா மாத்த முடியுது"ன்னான். கேளுங்க சார். என் பொண்டாட்டிகிட்ட எனக்காக அவன் பரிஞ்சு பேசுறான். அவளும், "அது என்னமோ நிஜம்தான். அவரு வேலையில சுத்தம்"னா. அவன் சொல்லித்தான் அவளுக்கு அது தெரியணுமா? நான் டீ கூடக் குடிக்காம வந்துட்டேன்.

அப்புறம் அந்த மீட்டிங். ஆசீர் தான் பார்த்ததை எல்லாம் சொல்றான். கனகசபை சார், நான், ஆபீஸே உட்கார்ந்திருக்கோம். திரையில ஒரு படமும் இல்ல. வெறும் வெள்ளை. அவன் சொல்றான், "நான் பார்த்த ஒருத்தங்க காலையில டியூட்டிக்கு வந்தா மத்தியானம் வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டாங்க. குடிச்சா பாத்ரூம் போகணும். போனா ஸ்கிரீன் மூடிக்கிடும். திரும்பி வந்து அடிச்சதையே அடிக்கணும், எதிர்ல நிக்குறவங்க ஏசுவாங்க. அதனால தண்ணி பாட்டிலையே வீட்டுல வெச்சிட்டு வந்துருவாங்க. பல வருஷமா இப்படித்தான்." அவ்வளவுதான் சொன்னான். பேர் சொல்லல.

அது யாருன்னு எனக்கு மட்டும் புரிஞ்சுது. ஏன்னா கோதைக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் சார். காய்ச்சலோட வரும். நான்தான் டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போவேன். டாக்டர் கேப்பாங்க, "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" அவ குடிக்கிறேன்னு தலையாட்டுவா. வெளியில வந்து நான் திட்டுவேன், "ஒரு மனுஷி தண்ணி குடிக்கிறதுக்குக்கூட நான் சொல்லணுமா?"ன்னு. இளநி வாங்கிக் குடுப்பேன். பார்லி காய்ச்சிக் குடுத்திருக்கேன். நான் பார்த்துக்காம விட்டேன்னு யாரும் சொல்ல முடியாது.

அன்னைக்கு வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "இதை அவன்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது, எங்கிட்ட சொல்லத் தோணலையா?"

அவ அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தா. "சொன்னேனே. செக்யூரிட்டின்னீங்க"ன்னா.

"எந்திரிச்சா ஸ்கிரீன் போகுதுன்னுதானே சொன்னே. தண்ணி குடிக்கிறதில்லன்னு சொன்னியா?"

"எந்திரிச்சு எங்க போறேன்னு நீங்க கேக்கலையே"ன்னா. கோபமாக்கூடச் சொல்லல. அரிசித் தண்ணியை வடிச்சுக்கிட்டே சொன்னா.

நீங்களே சொல்லுங்க சார், இது நியாயமா? புருஷன்கிட்டன்னா கேட்டாத்தான் சொல்லுவா, ஊரான் வந்து ஸ்டூல்ல உட்கார்ந்தா கேக்காமலே சொல்லுவா.

சரி, விடுங்க. புது ஸ்கிரீன் தயாராச்சு. நான் பொய் சொல்ல மாட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஒரே பக்கம். நோயாளி பேரும் நம்பரும் மேல அப்படியே நிக்கும். கீழ அடிக்க அடிக்கத் தானாவே சேமிச்சுக்கும். எந்திரிச்சுப் போயிட்டு வந்தா, விட்ட இடத்துல இருந்து தொடரலாம். சிவப்பு எர்ரர் கிடையாது. "இந்த ஒரு விவரம் மட்டும் மிச்சம்"னு தன்மையாச் சொல்லும். கோதை பேசுற மாதிரியே இருந்துச்சு சார் அந்த ஸ்கிரீன். எந்த விவரம் முதல்ல வரும்ங்கிறதுகூட அவ கை போற வரிசையிலதான். என் வீட்டுச் சமையல்கட்டை எவனோ ஒருத்தன் வந்து அவளுக்குத் தோதா மாத்தி அடுக்கி வெச்சுட்டுப் போன மாதிரி எனக்கு இருந்துச்சு.

நான் வேலை பார்க்கிறவன், அதனால பின்னாடி போய்ப் பார்த்தேன். பார்த்த உடனே தெரிஞ்சு போச்சு. என் பழைய ஸ்கிரீன்ல ஒரு நோயாளியை ஒரு கவுண்டர்ல திறந்தா இன்னொரு கவுண்டர்ல திறக்க முடியாது. பூட்டு வெச்சிருந்தேன். எல்லாரும் அதைத் திட்டுவாங்க. புதுசுல அந்தப் பூட்டு இல்ல. தானாச் சேமிக்கிறதுல என்ன ஆகும்? ரெண்டு பேர் ஒரே நோயாளியைத் திறந்தா, ஒருத்தர் அடிச்சதை இன்னொருத்தரோடது அழிச்சிரும். அவனும் அவன் ஆளுங்களும் ஒவ்வொருத்தரா உட்கார்ந்துதானே சோதிச்சாங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கு என்ன பண்ணணும்னும் தெரிஞ்சுது. அன்னைக்கே உட்கார்ந்து சரி பண்ற வழியை எழுதி என் லேப்டாப்ல வெச்சுக்கிட்டேன். அதுதான் அனுபவம்ங்கிறது.

ஏன் சொல்லலன்னா? யாரும் எங்கிட்ட கேக்கல சார். ஆசீர் கேட்டான், இல்லேன்னு சொல்லல. ஒரு நாள் டீ எடுத்துக்கிட்டு என் மேஜைக்கு வந்து, "அண்ணே, பின்னாடி ஏதாவது இடிக்குமா? நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்"னான். அது கேக்குற மாதிரியா? டீ குடிச்சுக்கிட்டே. முறையா ஒரு மீட்டிங் போட்டு, ரத்தினம் சார், உங்க அபிப்பிராயம் என்னன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். "நீதானே டிசைனர், நீயே பாரு"ன்னேன். அவன் சிரிச்சுட்டுப் போயிட்டான்.

முதல் நாள் வந்துச்சு. கோதையோட ஆஸ்பத்திரியிலதான் ஆரம்பம். கனகசபை சார் வந்திருந்தாரு, ஆஸ்பத்திரி முதலாளி வந்திருந்தாரு. கவுண்டருக்கு மாலை கட்டாத குறை. கோதை பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்திருந்தா. நான் கொஞ்சம் தள்ளி, தூண் பக்கம் லேப்டாப் பையோட நின்னேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர், குடலிறக்க ஆபரேஷன் முடிஞ்சு டிஸ்சார்ஜ். சக்கர நாற்காலியில உட்கார வெச்சிருக்காங்க. மகன் கூட இருக்கான். வாசல்ல வேன் நிக்குது, வேன்காரனுக்கு அடுத்த சவாரி இருக்குன்னு மகன் அவசரப்படுத்துறான். கோதை மளமளன்னு அடிச்சா. முடியப் போற நேரம், பில்லிங் கவுண்டர்ல அதே பெரியவரோட மருந்து ரிட்டனை, மிச்ச மருந்தைத் திருப்பிக் குடுத்த கணக்கை, திறந்தாங்க. கோதை அடிச்ச அத்தனையும் காணோம். அவ முகத்தைப் பார்த்தேன். அவ மறுபடியும் முதல்ல இருந்து அடிச்சா. மறுபடியும் போச்சு. மகன் கத்த ஆரம்பிச்சுட்டான். "பட்டுச்சேலை கட்டிட்டு வந்து வேடிக்கை காட்டுறீங்களா?"ன்னான். பின்னாடி நின்ன கூட்டமும் சேர்ந்துக்கிச்சு. கோதை மூணாவது தடவை அடிக்கிறா.

ஆசீருக்கு வேர்த்துருச்சு. அங்கிட்டும் இங்கிட்டும் பார்க்கிறான். நான் அவனைத்தான் பார்த்துக்கிட்டு நிக்குறேன். திரும்பி, அண்ணேன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா அந்த நிமிஷமே போயிருப்பேன் சார். சத்தியமா. அவன் கூப்பிடல. அந்த மகனுக்கு முன்னாடி போய் நின்னு, "ஐயா, அவங்க மேல தப்பு இல்ல. ஸ்கிரீன் பண்ணது நான். என்னைய ஏசுங்க"ங்கிறான்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் நாற்காலியில சரிஞ்சுட்டாரு. பெருசா ஒண்ணும் ஆகல சார், பயப்படாதீங்க. சர்க்கரைக்காரரு, வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கலாம்னு காலையில இருந்து வெறும் வயிறு. சர்க்கரை இறங்கிருச்சு. கோதைதான் கவுண்டரைத் தாண்டி ஓடி, நர்ஸைக் கூப்பிட்டு, ஜூஸ் வாங்கி வாயில ஊத்தி, தோள்ல சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டா. கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு உட்கார்ந்துட்டாரு. அவ்வளவுதான் விஷயம்.

கனகசபை சார் என் பக்கம் திரும்பி, "ரத்தினம், ஏதாவது பண்ண முடியுமா?"ன்னாரு. கேட்டாரு பாருங்க, அது கேக்குற விதம். நான் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகல. ஓடுச்சு. ரெண்டு கவுண்டர்லயும் ஒண்ணாத் திறந்து காட்டினேன், ஒண்ணு இன்னொண்ணைத் தொடல. ஆஸ்பத்திரி முதலாளி என் கையைப் பிடிச்சுக் குலுக்குறாரு. "இதுக்குத்தான் பழைய ஆளுங்க வேணும்ங்கிறது"ன்னாரு கனகசபை சார். ஆசீர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். "அண்ணே, நீங்க மட்டும் இல்லன்னா"ன்னான். கண்ணு கலங்கியிருந்துச்சு.

நான் கோதையைத் தேடினேன். அவ பெரியவரோட சட்டையில கொட்டுன ஜூஸைத் துடைச்சுக்கிட்டிருந்தா. நிமிர்ந்து என்னைப் பார்த்தா. அப்புறம் லேப்டாப்பைப் பார்த்தா. மறுபடியும் என்னைப் பார்த்தா. ஒரு சிரிப்பாவது வரும்னு நினைச்சேன். இத்தனை பேர் முன்னாடி அவ புருஷன் காப்பாத்தியிருக்கான். குனிஞ்சு துடைக்கிறதைத் தொடர்ந்தா.

சாயங்காலம் ஸ்கூட்டர்ல ரெண்டு பேரும் வந்துக்கிட்டிருக்கோம். பெரியார் பஸ் நிலையம் தாண்டினதும் பின்னாடி இருந்து கேக்குறா, "அதை எப்ப எழுதுனீங்க?"

"எதை?"

"இன்னைக்குப் போட்டதை."

"போன வாரம்"னேன். பெருமையாத்தான் சொன்னேன். "பார்த்த உடனே தெரிஞ்சு போச்சு எனக்கு. தயாரா எழுதி வெச்சுட்டேன். ஒருத்தனுக்கும் அந்த யோசனை வரல பாரு."

"வண்டியை நிறுத்துங்க"ன்னா.

நிறுத்தினேன். இறங்கினா. கடையில ஏதோ வாங்கப் போறாளாக்கும்னு நான் என்ஜினை அணைக்காம நின்னுக்கிட்டிருக்கேன். அவ ரோட்டைக் கடந்து ஷேர் ஆட்டோவுல ஏறிட்டா. அந்தப் பட்டுச்சேலையோட, நாலு பேருக்கு நடுவுல நெருக்கிக்கிட்டு. வீட்டுக்குத்தான் வந்தா. வந்து சாப்பாடு போட்டா. சண்டை ஒண்ணும் போடல. "அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா. "ஆகலையே"ன்னேன். அப்புறம் அந்தப் பேச்சையே அவ எடுக்கல. ஆசீர்கிட்டயும் சொல்லல, எனக்குத் தெரியும். அவன் இன்னைக்கு வரைக்கும் என்னைக் கண்டா எந்திரிச்சு நிக்குறான்.

அடுத்த மாசம் கவுண்டர் வேலையை விட்டுட்டா. ஆசீர் டீம்ல முன்னாடியே கூப்பிட்டிருந்தாங்களாம், வேண்டாம்னு சொல்லி வெச்சிருந்தவ, இப்ப சரின்னுட்டா. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கிற வேலை. என்கிட்ட கேக்கல, சொன்னா. இப்போ எங்க ஆபீஸ்லயே ரெண்டாவது மாடியில உட்கார்றா. தண்ணி பாட்டில் மேஜை மேல இருக்கும். அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து ரொம்ப நாளாச்சு. நல்லதுதான். டாக்டர்கிட்ட நான் கூட்டிக்கிட்டுப் போற வேலையும் இல்ல.

வீட்டுல எல்லாம் பழையபடிதான் சார். என்னங்கன்னுதான் கூப்பிடுவா. இன்னைக்கு என்ன பார்த்தேன்னு நான் கேட்டா, "ஒண்ணும் இல்ல, வழக்கம் போலத்தான்"னுவா. ஆசீர் பேச்சுக்கூட எடுக்கிறதில்ல. எடுத்தாலாவது பரவாயில்லன்னு இருக்கு. டிவி சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்.

மீட்டிங்ல மட்டும் சார்னு கூப்பிடுவா. ரத்தினம் சார். வாரத்துக்கு ஒரு மீட்டிங் உண்டு. புதுசா என்ன மாத்தப் போறோம்னு எல்லாம் பேசி முடிச்சு, எல்லாரும் எந்திரிக்கப் போற நேரத்துல, கோதை ஒரு கேள்வி கேப்பா. அவ வந்ததுக்கு அப்புறம் வந்த வழக்கம். "எங்களுக்குத் தெரியாம, உங்களுக்குத் தெரிஞ்சது இதுல ஏதாவது இருக்கா?" அறையில இருக்கிற எல்லாருக்கும் பொதுவாத்தான் கேக்குறா. ரொம்ப நல்ல பழக்கம்னு கனகசபை சார் பாராட்டினாரு. மத்த ஆபீஸ்லயும் இதைப் பண்ணணும்னு ஆசீர் சொல்றான். அவங்களுக்கு என்ன தெரியும்? அவ கேக்குறப்ப என்னைப் பார்த்துத்தான் கேக்குறா. கண்ணை எடுக்காம. நான் பதில் சொல்ற வரைக்கும் பேசாம இருக்கா. குறுக்க பேச மாட்டேங்குறா.

நான் சொல்லுவேன். இந்த இடத்துல இது இடிக்கும், அந்த இடத்துல அது அழியும்னு சொல்லுவேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவ கண்ணு என் மேலதான் இருக்கும். "தேங்க்ஸ் சார்"னுவா.

அதோ, உங்க அப்பா பேரைக் கூப்பிடுறாங்க பாருங்க. போங்க சார். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை தன்மையாப் பேசுங்க.

என்ன கேட்டீங்க? எல்லாத்தையும் மீட்டிங்குக்கு முன்னாடியே ஆசீர்கிட்ட சொல்லிட்டா நல்லதுதானேன்னா? சொல்லலாம். அவனும் தினம் டீ எடுத்துக்கிட்டு வர்றான். சொன்னா மீட்டிங்ல அவ கேக்குறப்ப எங்கிட்ட ஒண்ணும் இருக்காதே சார். இல்லைன்னு சொல்லிட்டா அவ அடுத்த ஆளைப் பார்க்கப் போயிருவா. அதனால பெருசா ஒண்ணும் இல்ல, வாரத்துக்கு ஒண்ணு, சின்னதா ஒண்ணு, மிச்சம் வெச்சுக்கிறேன்.